பந்தை விடப் போத்தல் பொல்லாதது: விளையாட்டுக் காலத்தில் பல் கம்பியும் அலைனரும்

ஜனவரியில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி தொடங்கும். மார்ச்சில் பிக் மெட்ச் (பாடசாலைகளுக்கிடையிலான பெரிய கிரிக்கெட் போட்டி), ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை, நடுவே ஒரு சிவனொளிபாதமலைப் பயணம், ஹிக்கடுவைக் கடலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொழும்பில் பல்லுக்குக் கம்பி போட்டவர்களுக்கும் அலைனர் (பல்லை நேராக்கக் கழற்றி மாட்டும் தெளிவான பிளாஸ்டிக் உறை) போடுபவர்களுக்கும் வருடத்தில் கவனம் அதிகம் தேவைப்படுவது இந்த நான்கு மாதம்தான். பெற்றோர் பந்துக்குப் பயப்படுகிறார்கள். பயப்படத்தான் வேண்டும், அதற்கும் வருகிறேன். ஆனால் பந்து எப்போதாவதுதான் வாயில் படும். இனிப்புப் பானப் போத்தல் நாள் முழுக்க வாயில் படுகிறது.

கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டுதான் பிராக்கெட். அது ஒட்டிய பல்லில், அதைச் சுற்றிலும் பிரஷ் சரியாக எட்டாத ஒரு விளிம்பு இருக்கும். அங்கே படியும் படலத்தில் வாழும் பக்டீரியாக்கள் சீனியை அமிலமாக மாற்றும். பிஎச் அளவு 5.5க்குக் கீழே போனால் எனாமலில் இருந்து கல்சியமும் பொஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து முடிக்க ஏறத்தாழ அரை மணிநேரம் வேண்டும். ஒரு போத்தல் இனிப்புப் பானத்தைச் சாப்பாட்டோடு ஒரே தடவையில் குடித்து முடித்தால் பல்லுக்கு அரை மணிநேரச் சோதனை. அதே போத்தலை மைதான ஓரத்தில் வைத்துக் கால் மணிக்கு ஒரு மிடறாக நான்கு மணிநேரம் குடித்தால் அந்த நான்கு மணிநேரமும் சோதனைதான். சீனியின் அளவு ஒன்றே, சேதம் பல மடங்கு. வெயிலில் வியர்த்து, ஓடி, வாயால் மூச்சு விடும்போது உமிழ்நீரும் வற்றிவிடும். அதாவது காவற்காரன் லீவில் போன நேரம் பார்த்துத்தான் அமிலம் உள்ளே வருகிறது.

இப்படிக் கரைந்த இடம் முதலில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகத் தெரியும். சுத்தம் மோசமாக இருந்தால் ஒரு மாதத்திலேயே தோன்றலாம். கம்பி இருக்கும்வரை எளிதில் கண்ணில் படாது. கம்பி கழற்றும் நாளில், பிராக்கெட் இருந்த சதுரம் நல்ல நிறத்திலும் அதைச் சுற்றி வெள்ளை வளையமுமாகப் பல் சிரிக்கும். நேராக்கப்பட்ட பல்லில் எளிதில் போகாத கறை.

இலங்கையில் 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனிக்கான நிறக் குறியீடு இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. விளையாட்டுப் பானங்களில் பெரும்பாலும் 6 கிராம் அளவில் இருப்பதால் செம்மஞ்சள்தான் விழும். அந்த நிறத்தைப் பார்த்துப் 'பரவாயில்லை' என்று நினைப்பவர்கள் கணக்குப் போடட்டும்: 500 மில்லிலீற்றர் போத்தலில் 30 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டிச் சீனி. பச்சைக் குறி உள்ளதும் பல்லுக்குப் பச்சைக்கொடி அல்ல. சீனி இல்லாத சோடாவிலும் அமிலம் இருக்கிறது. அந்தக் குறியீடு சீனிக்கு மட்டுமே.

ஒரு மணிநேரத்துக்குட்பட்ட பயிற்சிக்குத் தண்ணீரே போதும். மணிக்கணக்கில் வெயிலில் நின்று உப்புப் போகும் நாளில் செவ்விளநீரோ ஜீவனியோ (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புக் கரைசல்) குடிக்கலாம். இரண்டிலும் இனிப்பு உண்டு, ஆகவே ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தண்ணீரால் வாயைப் பலமாகக் கொப்பளித்துத் துப்புங்கள். உடனே பல் துலக்க வேண்டாம். அமிலத்தால் மென்மையான எனாமலைப் பிரஷ் தேய்த்து எடுக்கும், அரை மணிநேரம் பொறுங்கள்.

இரவுத் துலக்கல்தான் முக்கியமானது. 1350 முதல் 1500 பிபிஎம் புளோரைட் உள்ள பற்பசை, பட்டாணி அளவு. கம்பிக்கு மேல் பக்கம் பிரஷைக் கீழ்நோக்கிச் சரித்து ஒரு சுற்று, கம்பிக்குக் கீழ்ப்பக்கம் மேல்நோக்கிச் சரித்து ஒரு சுற்று, பிறகு நேராக ஒரு சுற்று. கடைசியில் சிறிய இடைப்பல் பிரஷை ஒவ்வொரு இரண்டு பிராக்கெட்டுக்கும் நடுவே கம்பியின் அடியில் நுழைத்து மேலும் கீழும் மூன்று தடவை. நுரையைத் துப்புங்கள், தண்ணீரால் கொப்பளிக்காதீர்கள். புளோரைட் பல்லில் தங்கட்டும். டொக்டர் 0.05 சதவீதச் சோடியம் புளோரைட் கழுவுநீர் எழுதித் தந்திருந்தால் அதைத் துலக்கிய கையோடு பாவிக்காமல், பின்னேரம் மைதானத்தால் வந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள். பல்லுக்கு இன்னொரு தடவை புளோரைட் கிடைக்கும்.

அலைனர்: 22 மணிநேரக் கணக்கு

அலைனர் போடுபவர்களுக்குப் போத்தல் இன்னும் பொல்லாதது. அலைனரை மாட்டிக்கொண்டு சோடா குடித்தால் அது பல்லுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே தேங்கி நிற்கும். உமிழ்நீர் உள்ளே போய்க் கழுவ வழியில்லை. கிட்டத்தட்டப் பல்லைச் சோடாவில் ஊறப் போடுவதுதான். அலைனர் வாயில் இருக்கும்போது குளிர்ந்த அல்லது சாதாரண தண்ணீர் மட்டும். பிளேன்டீகூட வேண்டாம். கறை ஒரு பக்கம் இருக்க, சூடு பிளாஸ்டிக்கை நெளிக்கும்.

ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணிநேரம் வாயில் இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று வேளைச் சாப்பாடு, துலக்கல் என்று மிச்சம் இரண்டு முதல் நான்கு மணிநேரமும் வீட்டிலேயே முடிந்துவிடும். பிக் மெட்ச் நாளில் காலை முதல் மாலை வரை கொறித்துக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருப்பவர் ஐந்தாறு மணிநேரத்தை இழக்கிறார். ஒரு நாள் போனால் பல் ஓடிவிடாது. வாரத்தில் மூன்று நாள் இப்படிப் போனால் அடுத்து மாற்ற வேண்டிய அலைனர் செற் பல்லில் சரியாக இறங்காது. கண்ணாடியில் பார்த்தால் பல்லின் விளிம்புக்கும் அலைனருக்கும் நடுவே இடைவெளி தெரியும். அப்போது அடுத்த செற்றுக்குத் தாவாமல், இருக்கும் செற்றை இன்னும் சில நாள் போட்டு, கடிக்கும் ரப்பர் உருளையை நாளுக்கு இரண்டு தடவை ஐந்து நிமிடம் கடியுங்கள். இடைவெளி மூடவில்லை என்றால் கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும்.

மலை ஏறும் இரவுக்கு ஒரு யோசனை. சிவனொளிபாதமலைப் பாதையில் ஒவ்வொரு கடையிலும் பிளேன்டீ ஆவி பறக்க நிற்கும். எல்லாக் கடையிலும் கழற்றி மாட்டினால் கடைசியில் சோம்பல் வந்து சட்டைப் பைக்குள் போய்விடும். குடிப்பதற்கு இரண்டே நிறுத்தம் என்று முன்பே தீர்மானியுங்கள். அங்கே கழற்றி, டப்பாவில் போட்டு, குடித்து, போத்தல் தண்ணீரால் வாயையும் அலைனரையும் அலசி, உடனே மாட்டிவிடலாம்.

அலைனர் தொலைவதற்கு முதற் காரணம் கடதாசி நப்கின். சாப்பிடும்போது சுற்றி வைப்பார்கள், மேசை துடைப்பவர் குப்பையில் போட்டுவிடுவார். தெளிவான பிளாஸ்டிக், பாவம் அவருக்கு என்ன தெரியும்? கழற்றினால் வாய் அல்லது டப்பா, மூன்றாவது இடம் கிடையாது. டப்பா காற்றுத் துளை உள்ளதாக இருக்கட்டும், ஈரத்தோடு மூடிய டப்பா நாறும். கழுவாமல் வைத்த அலைனரைக் கொழும்பு எறும்புகள் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும். வீட்டு நாய்க்கும் அதைக் கடிப்பதில் தனிப் பிரியம்.

காரில் விட வேண்டாம். வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்ட் 60 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவு நெளிந்தாலே போதும், அது பல்லைத் தவறான பக்கம் தள்ளும் அல்லது தள்ளவே தள்ளாது. கழுவுவதும் குளிர்ந்த நீரில், மென்மையான பிரஷால், மணமில்லாத திரவச் சவர்க்காரம் ஒரு துளி போட்டு. பற்பசை அதைக் கீறி மங்கலாக்கும்.

வெளியூர் போகும்போது முந்தைய செற்றையும் அடுத்த செற்றையும் கொண்டுபோங்கள். இருப்பது தொலைந்தாலோ உடைந்தாலோ, மாற்ற வேண்டிய நாள் மிகக் கிட்ட என்றால் டொக்டர் அடுத்ததைப் போடச் சொல்லக்கூடும். இப்போதுதான் தொடங்கியது என்றால் முந்தையதைப் போட்டுப் பல்லை இருந்த இடத்தில் பிடித்து வைப்பதே முறை. எதையும் போடாமல் நான்கு நாள் இருப்பதுதான் ஆகக் கூடாதது.

காலிமுகத்திடலில் என்ன சாப்பிடலாம்?

பிராக்கெட் பல்லில் ஒட்டப்பட்டிருப்பது கடிக்கும் விசையைத் தாங்கும் அளவுக்குத்தான். பல்லில் இருந்து சேதமில்லாமல் கழற்ற வேண்டும் என்பதால் வேண்டுமென்றே அளவான பலத்தில் ஒட்டுகிறார்கள். கெட்டியான ஒன்று பக்கவாட்டில் தள்ளினால் பெயர்ந்துவிடும். அதிகம் விழுவது கீழ்ப்பற்களிலும் கடைவாயிலும்.

ஆகவே கச்சான், வறுத்த கடலை, முறுக்கு, கொக்கிஸ், எள்ளுருண்டை, ஐஸ் கட்டி, இவற்றுக்குக் கம்பி கழற்றும் வரை விடுமுறை. அவித்த கடலை பிரச்சினையில்லை. இறால் வடையில் வடை மெதுதான், மேலே ஓட்டோடு இருக்கும் இறால்தான் ஆபத்து. ஓட்டைக் கையால் உரித்துவிட்டுப் பிய்த்துச் சாப்பிடுங்கள். சோளப்பொத்தியைக் கடித்து இழுக்காமல் மணிகளைக் கத்தியால் சீவுங்கள். கொய்யாவையும் மாங்காயையும் மெல்லிய துண்டுகளாக வெட்டிக் கடைவாயால் மெல்லலாம். அச்சாறு வினாகிரியில் ஊறியது, அதற்கும் போத்தல் சட்டமே: ஒரு தடவை சாப்பிட்டு, வாயை அலசி, முடித்துவிடுங்கள். தொதல், ரொபி, சுவிங்கம் எல்லாம் பசைபோல் பிடித்துக் கம்பியை வளைக்கும். இன்னும் ஒன்று, உணவுப் பட்டியலில் யாரும் எழுதாதது: ரம்புட்டான் தோலை முன்பல்லால் கடித்துத் திறப்பது, சொஸ் பக்கெற்றைப் பல்லால் கிழிப்பது. ஒரு கடியில் பிராக்கெட் கையில் வரும்.

மஞ்சள் போட்ட கறியால் பிராக்கெட்டைச் சுற்றியுள்ள நிறமற்ற ரப்பர் வளையங்கள் மஞ்சளாகிவிடும். இது அழுக்கல்ல, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அடுத்த தடவை வளையம் மாற்றும்போது தானே போய்விடும். கறியை விடச் சொல்வது எங்கள் ஊரில் நடக்கிற காரியமா? சாம்பல் அல்லது கடும் நீல வளையம் கேட்டு வாங்குங்கள்.

மௌத்கார்ட்

ரக்பி, ஹொக்கி, கூடைப்பந்து, கராத்தே, குத்துச்சண்டை, கிரிக்கெட்டில் விக்கெற் காப்பு, துடுப்பாட்டக்காரருக்கு மிக அருகே நிற்கும் களத்தடுப்பு. இவற்றில் மௌத்கார்ட் (பல்லை மூடி அடியில் இருந்து காக்கும் உறை) இல்லாமல் கம்பி போட்ட பிள்ளையை இறக்கக் கூடாது. அடி பட்டால் பல் மட்டும் போவதில்லை, உதடும் கன்னமும் கம்பிக்கு எதிராக நசுங்கிக் கிழியும்.

விளையாட்டுச் சாமான் கடையில் பொதுவாகக் கிடைப்பது சுடுநீரில் போட்டு மென்மையாக்கிக் கடிக்கும் வகை. கம்பிக்கு இது பொருந்தாது. உருகிய பிளாஸ்டிக் பிராக்கெட்டுகளைச் சுற்றிப் போய் இறுகும். கழற்ற இழுத்தால் பிராக்கெட்டுகளையும் கூட்டிக்கொண்டு வரும். இறுகாவிட்டாலும், பல் நகர நகர அச்சுப் பொருந்தாமல் போகும், அல்லது நகர வேண்டிய பல்லைத் தடுக்கும். கம்பி போட்டவர்களுக்கென்று செய்யப்பட்ட சிலிக்கன் வகையைக் கேளுங்கள். அதில் பிராக்கெட் உட்கார அகலமான ஒரு பள்ளம் இருக்கும், சூடாக்கத் தேவையில்லை. அளவெடுத்துச் செய்விப்பது என்றால் கம்பிக்கு மேல் மெழுகால் இடம் விட்டுத்தான் செய்ய வேண்டும். பல் நகரும் என்பதால் ஒவ்வொரு தவணைக்கும் அதை எடுத்துப்போய்ப் பொருத்தம் பார்க்கச் சொல்லுங்கள். கீழ்த்தாடையிலும் கம்பி இருந்தால் இரண்டு பக்கமும் மூடும் வகை வேண்டுமா என்று டொக்டரிடம் கேட்பது நல்லது. மேல் கீழ்ப் பற்களை இணைக்கும் சிறிய ரப்பர் பட்டிகளை மௌத்கார்ட் போடுவதற்கு முன் கழற்றி, விளையாடி முடித்ததும் புதியவற்றை மாட்டுங்கள். விட்ட நேரத்தை ஈடுசெய்வதாக நினைத்து இரண்டு பட்டி சேர்த்துப் போட வேண்டாம். விசை இரட்டிப்பானால் பல்லின் வேருக்குக் கூடாது.

அலைனரே மௌத்கார்ட் ஆகாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. அடியை அது தாங்காது, உடைந்தால் துண்டு வாய்க்குள் கிழிக்கும். கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு மௌத்கார்ட் போடுங்கள். சுதந்திர சதுக்கத்தில் ஓடுவது, பட்மின்டன், சைக்கிள் சவாரி போன்றவற்றுக்கு அலைனர் வாயிலேயே இருக்கலாம்.

நீச்சல் தடாகத்தின் குளோரின் தண்ணீர் கம்பியை ஒன்றும் செய்யாது. நாள்தோறும் மணிக்கணக்கில் நீந்துபவர்களுக்கு மட்டும் பல்லில் பழுப்புக் கறை படியலாம், நீந்தி முடிந்ததும் நல்ல தண்ணீரால் கொப்பளித்தால் குறையும். அமைதியான தடாகத்தில் அலைனரோடு நீந்தலாம். கல்கிசையிலும் ஹிக்கடுவையிலும் அலை அடிக்கும்போது வேண்டாம், அறுகம்பையில் சர்ஃபிங் என்றால் வேண்டவே வேண்டாம். முகத்தில் அலை அறைந்து வாய் திறந்தால் அது போய்விடும். நிறமற்றது, தண்ணீரில் மூழ்கும். கரைக்கு வந்ததும் மணலும் உப்பும் போக வாயை அலசிய பிறகே மாட்டுங்கள்.

உடைந்தால், குத்தினால், அடி பட்டால்

பிராக்கெட் கழன்றால் அது பெரும்பாலும் கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். பிடுங்க வேண்டாம். அந்த இடத்தை நப்கினால் உலர்த்தி, பல் கம்பிக்கான மெழுகைப் பட்டாணி அளவு எடுத்து விரல்களுக்கிடையே உருட்டி மென்மையாக்கி மேலே அழுத்துங்கள். ஈரத்தில் மெழுகு ஒட்டாது, பலர் 'மெழுகு நிற்கவில்லை' என்பதன் காரணம் இதுதான். கம்பி நுனி கன்னத்தில் குத்தினால் பஞ்சுக் குச்சியாலோ பென்சிலின் சுத்தமான அழிறப்பர் முனையாலோ பல்லை நோக்கி மெதுவாக வளைத்துவிட்டு மெழுகு வையுங்கள். இரண்டும் சரிவராமல், டொக்டரையும் எட்ட முடியாத மலைநாட்டில் நின்றால் மட்டும் மதுசாரத்தால் துடைத்த நகவெட்டியால் நுனியை நறுக்கலாம். நறுக்கும்போது துண்டைத் துணியால் பிடித்துக்கொள்ள வேண்டும், தொண்டைக்குள் போய்விடக்கூடாது. புண்ணுக்கு ஒரு கிளாஸ் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு.

பிராக்கெட்டை விழுங்கினால் பொதுவாகத் தானே வெளியேறிவிடும். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் தாமதியாமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

நிரந்தரப் பல் வேரோடு விழுந்தால் நிமிடங்கள் முக்கியம். வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள், வேரைத் தொட வேண்டாம். மண் பட்டிருந்தால் பாலில் அல்லது குளிர்ந்த நீரில் சில விநாடி அலசி, தேய்க்காமல், இருந்த குழியிலேயே திருப்பி வைத்துத் துணியைக் கடிக்கச் செய்யுங்கள். வைக்க முடியாவிட்டால் கடையில் ஒரு பக்கெற் பால் வாங்கி அதில் போடுங்கள், தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். ஒரு மணிநேரம் உலர்ந்து கிடந்தால் வேரைச் சுற்றியுள்ள உயிருள்ள கலங்கள் இறந்துவிடும். பல் கம்பியிலேயே தொங்கினால் அறுத்து எடுக்காமல் அப்படியே வைத்தியரிடம் போக வேண்டும். மயக்கமோ வாந்தியோ இருந்தால் பல்லை மறந்து முதலில் வைத்தியசாலை. இல்லையென்றால் கொழும்பில் வார்ட் பிளேஸ் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது. பாற்பல் விழுந்தால் மட்டும் திருப்பி வைக்கக் கூடாது, அடியில் வளரும் பல்லைக் கெடுக்கும்.

பையில் மூக்குக் கண்ணாடி டப்பா அளவில் ஒன்று இருந்தால் இவை எல்லாம் அடங்கும்: ஒரு பெட்டி மெழுகு, இரண்டு இடைப்பல் பிரஷ், மடிப்புப் பிரஷ், கைக்கண்ணாடி, நான்கு பஞ்சுக் குச்சி, அலைனர் டப்பா, நாளுக்கு ஒரு சோடிக் கணக்கில் ரப்பர் பட்டி. பட்டிகளை வெயில் படாமல் மூடிய பக்கெற்றில் வையுங்கள், சூட்டில் இழுவை போய் அறுந்துவிடும்.

கம்பியை முறுக்கும் தவணையைப் பயணத்துக்கோ போட்டிக்கோ முந்திய நாளில் வைக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் பல் நோகும். குளிர்ந்த தண்ணீர் அந்த நோவைக் கொஞ்சம் தணிக்கும், உடல் வெப்பத்தில் இறுகும் வகைக் கம்பி குளிரில் தற்காலிகமாகத் தளர்வதால். ஏப்ரல் புத்தாண்டு நாட்களில் பல கிளினிக்குகள் பூட்டிக் கிடக்கும். ஊருக்குப் போகிறவர்கள் இரண்டு வாரம் முன்னதாகவே போய், தளர்ந்த பிராக்கெட் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பட்டியும் மெழுகும் கேட்டு வாங்குங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை பெறுபவர்கள் கிளினிக் கொப்பியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வேறொரு டொக்டர் பார்க்க நேர்ந்தால் எந்தக் கம்பி எப்போது போட்டது என்று அவருக்கு அதிலிருந்துதான் தெரியும்.